பக்கத்துக் கட்டம்

மாவுப் பொட்டலம் கிழிந்ததைத் தும்பால் பார்க்கவில்லை. அவள்தான் பார்த்தாள்... அவளுடைய கறுப்புப் பாவாடை வெள்ளையான பிறகு.

"ஐயோ! என்னங்க இது?"

கரையோரப் பாலிகே சந்தை முடிந்து, சமோசிர் தீவிலுள்ள ஒனன் ருங்குவுக்குப் போகும் படகு. வெங்காய மூட்டை, கோழிக் கூடை, ஜனங்கள்... எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று. நடு ஏரியில் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயை இழுத்துவிட எழுந்தவன், மடியில் மரவள்ளி மாவு இருப்பதை மறந்துவிட்டான்.

"மன்னிச்சுக்கங்க..." கைக்குட்டையை எடுத்து நீட்டினான். அவள் வாங்கவில்லை. சரியென்று அவனே பாவாடை ஓரத்தைத் தட்டப் போனான்.

"தொடாதீங்க! ஈரக் கை! பாருங்க, பசையாயிடுச்சு. இன்னும் ஒரு பிடி வெல்லம் போட்டா பலகாரமே சுடலாம்."

பக்கத்தில் இருந்த கிழவர் சிரித்தார். கோழிகூடக் கூவியது. தும்பாலுக்குக் காதுவரை சூடேறியது.

"இஸ்திரி போட்ட சட்டை, பாலிஷ் போட்ட ஷூ... வாத்தியார் மாதிரி இருக்கீங்க. படகுல எதுக்கு மாவு?" என்றாள்.

"வாத்தியார்தான். கம்ப்யூட்டர் வாத்தியார்." கொஞ்சம் யோசித்து, "மாவு கல்லறைக்கு" என்றான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அகலமான கண்கள். இமை நுனியில் ஒரு மழைத்துளி விழலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது. அவன் அந்தத் துளியையே பார்த்தான். எதையும் அப்படிப் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

"செத்தவங்களுக்குத் தோசை ஊத்தவா?"

"இல்ல... பழைய கல்லுல எழுத்து தேஞ்சு போயிருக்கும். மாவைத் தடவினா பள்ளத்துல தங்கும். பேரு தெரியும். போட்டோ எடுத்து வம்ச இணையத்தளத்துல ஏத்துவேன்."

"எந்த வம்சம்?"

"சினாகா."

"நான் சினாகா பொண்ணுங்க!" அவள் மாவை மறந்துவிட்டாள். "நீங்களும் சினாகாவா? அப்போ அண்ணன் தங்கச்சி."

"நான் சியாஹான்."

பிறகு நடந்தது எந்தப் படகிலும் நடப்பதுதான். பெயரைக் கேட்பது அப்புறம். குலத்தைச் சொல்லி, தலைமுறையை எண்ணி, முறையைக் கண்டுபிடித்த பிறகுதான் ஒருவரையொருவர் என்னவென்று கூப்பிடுவது என்றே தெரியும். ஆண்பிள்ளை அப்பாவின் குலத்தைச் சொல்ல வேண்டும். அம்மாவின் குலத்தைச் சொல்ல வேண்டும். மணமானவன் என்றால் மனைவியின் குலத்தையும்.

"அப்பா சியாஹான். அம்மா சினாகா" என்றான் தும்பால்.

"அம்மா எத்தனையாவது தலைமுறை?"

"பதினாலு."

"நான் பதினஞ்சு. அப்பாடா, தப்பிச்சேன்! நானும் பதினாலுன்னா என்னைச் சித்தின்னு கூப்பிட்டிருப்பீங்க." அவள் விரல் மடக்கி எண்ணினாள். "அப்போ நான் உங்களுக்கு மாமன் மகள். முறைப்பெண்ணு! முறைப்பெண் மேலயே மாவைக் கொட்டியிருக்கீங்க, அத்தான்."

கிழவர் மறுபடி சிரித்தார். அவளும் சிரித்தாள்.

மூன்றாவது குலத்தை அவன் சொல்லவில்லை. வாய்வரை வந்தது. லாம்ரியா. அவன் மனைவி. அவளும் சினாகா பெண்தான். போய் இரண்டு வருடம். சொல்லியிருந்தால் ஒரே வரி. ஆனால் எதிரில் இருந்த சிரிப்பு அணைந்துபோகும்... அவன் வாயை மூடிக்கொண்டான்.

மழை தார்ப்பாயைத் தட்டிக்கொண்டே இருந்தது.

அவள் பெயர் தியோமினார். சியாந்தார் நகரத்தில் வானொலி அறிவிப்பாளர். அவளுடைய கொள்ளுத்தாத்தா சமோசிர் தீவைவிட்டு வேலை தேடிப் போனவர். அதற்குப் பிறகு அந்தக் கிளையை யாரும் எண்ணவில்லை. "அப்பா சாகற வரைக்கும் இதைத்தான் சொல்லிக்கிட்டிருந்தார். சொந்த ஊருக்கு வந்தா நீ யாருன்னு கேக்கறாங்கன்னு. எங்களையும் வம்ச மரத்துல சேர்ப்பீங்களா, அத்தான்?"

"சேர்க்கறேன்" என்றான்.

*

சினாகா மரத்தை அவன் ஏன் கட்டுகிறான் என்று ஊரில் யாரும் கேட்டதில்லை. பெண் எடுத்த வீட்டுக்கு உழைப்பது மாப்பிள்ளையின் கடமை. விருந்தென்றால் பன்றி வெட்டுவதும் சோறு சுமப்பதும் மாப்பிள்ளைகள்தான். மரத்தைக் கணினியில் ஏற்றுவதும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது. லாம்ரியா இருந்தபோது, அவள் அம்மா கேட்டு ஆரம்பித்த வேலை. அவள் போன பிறகும் நிறுத்தவில்லை. செத்தவர்களோடு இருக்க அது வசதியான வேலை.

தியோமினாரிடமிருந்து செய்திகள் வர ஆரம்பித்தன.

"அத்தான், எங்க தாத்தாவை மூணு பேராப் பிரிச்சு வெச்சிருக்கீங்க."

பார்த்தான். உண்மைதான். பிறந்தபோது ஒரு பெயர். பிள்ளை பிறந்ததும் ஊர் அவரை இன்னாருடைய அப்பா என்றது. பேரன் பிறந்ததும் இன்னாருடைய தாத்தா என்றது. மூன்று உறவுக்காரர்கள் மூன்று பெயர்களைச் சொல்ல, அவன் மூன்று ஆண்களைப் போட்டுவிட்டான்.

"எங்க பாட்டிக்கு மூணு புருஷன் ஆயிட்டாங்க. ஒருத்தரையே அவங்களால சமாளிக்க முடியல."

வகுப்பில் பையன்கள் தேர்வு எழுதிக்கொண்டிருந்தார்கள். தும்பால் சத்தமாகச் சிரித்துவிட்டான். முப்பது தலைகள் நிமிர்ந்தன. அந்த வாத்தியார் சிரித்து அவர்கள் பார்த்ததில்லை.

"மூணு பேரையும் ஒண்ணாக்கிட்டேன்" என்று பதில் போட்டான்.

"பாட்டி மானத்தைக் காப்பாத்தினதுக்கு நன்றி. நீங்க இவ்வளவு குறைச்சலாப் பேசினா வானொலில ஒரு நாள் தாங்க மாட்டீங்க."

"நான் கேக்கறவன்."

"என் நிகழ்ச்சியைக் கேப்பீங்களா?"

கேட்டான். காலையில் காபி போடும்போது, அவள் குரல் சமையலறையில் இருந்தது. விலைவாசி சொன்னாள், பாட்டு போட்டாள், ஒரு தடவை "மாவு கொட்டாமல் பயணம் செய்யுங்கள்" என்றாள். அவன் கரண்டியைப் பிடித்தபடி நின்றான். சுவரில் லாம்ரியாவின் படம். குரலைக் குறைத்தான்... அப்புறம் அதற்காகவும் வெட்கப்பட்டான். யாரிடமிருந்து ஒளிக்கிறான்?

சினாகா கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன் தன் கிளையின் மிச்சத்தைத் தானே ஏற்ற வேண்டும் என்று அவள் அனுமதி கேட்டாள். உயிரோடு இருப்பவர்களின் கட்டங்கள் வெளியாருக்குத் தெரியாது, சாம்பல் நிறத்தில் மூடிக் கிடக்கும். பொறுப்பாளர் அனுமதித்தால் திறக்கும். வெள்ளிக்கிழமை மதியம் அவன் அனுமதித்தான்.

உடனே செய்தி வந்தது. "முதல்ல யாரோட கட்டத்தைத் திறக்கப் போறேன், சொல்லுங்க பார்ப்போம்..."

சிரித்தான். சிரிப்பு முடிவதற்குள் நினைவு வந்தது.

அவன் பெயருக்குப் பக்கத்துக் கட்டம்.

மனைவி: லாம்ரியா சினாகா. உயிருடன்.

அவன்தான் அப்படி விட்டு வைத்திருந்தான். நூற்றுக்கணக்கான கல்லறைகளில் மாவு தடவி, எல்லாருடைய இறந்த தேதியையும் ஏற்றியவன். இந்த ஒரு தேதியைக் கல்லில் தேட வேண்டியதில்லை. அவளுடைய பக்கத்தைத் திறந்தான். தேதி கேட்கும் இடத்தில் கோடு மினுக்கிக்கொண்டிருந்தது. இப்போது போட்டால் எதற்காகப் போடுகிறான்? லாம்ரியாவுக்காகவா? அந்தப் பெண் பார்த்துவிடப் போகிறாளே என்றா?

மூடிவிட்டான்.

தியோமினாரிடமிருந்து அதற்குப் பிறகு ஒரு செய்தியும் வரவில்லை. அவனும் எழுதவில்லை. எழுத வேண்டியது ஒரே வரி. வெள்ளி போனது, சனி போனது, அந்த வரி வரவில்லை.

*

ஒனன் ருங்கு தேவாலயத்தை ஒட்டிய கூடம். பிரார்த்தனை முடிந்து ஜனம் நிரம்பிவிட்டது. சுவரில் விரித்த வெள்ளைத் துணியில் சினாகா மரம் விழுந்துகொண்டிருந்தது. ஆட்கள் தங்கள் பெயரைத் தேடி விரல் நீட்டினார்கள். தும்பால் இடுப்பில் துண்டு கட்டி, மற்ற மாப்பிள்ளைகளோடு சோற்றுக் கூடை சுமந்துகொண்டிருந்தான்.

அவள் வந்திருந்தாள். சிவப்பு உலோஸ் துணியைத் தோளில் போட்டிருந்தாள். அவனைப் பார்த்தாள். அந்தக் கண்களில் படகு இல்லை, மழை இல்லை.

புதிதாகச் சேர்ந்த கிளைகள் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ள மைக் கொடுத்தார்கள். அவள் வாங்கினாள். காலையில் அவன் சமையலறையில் கேட்கும் அதே தேன் குரல்.

"ஹோராஸ்! சியாந்தார்லேர்ந்து வந்திருக்கேன். எங்களை மறுபடி மரத்துல சேர்த்த மாப்பிள்ளைக்கு நன்றி சொல்லணும். செத்துப்போன தாத்தாக்களையெல்லாம் தேடித் தேடிக் கண்டுபிடிக்கிறார். ஆனா படகுல ஒரு பொண்ணுகிட்ட முறை சொல்லும்போது, உயிரோட இருக்கற சொந்தப் பொண்டாட்டியை மட்டும் மறந்துட்டார்." மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அவங்களும் நம்ம சினாகா பொண்ணுதான். லாம்ரியா அக்கா... கொஞ்சம் எழுந்து நில்லுங்க. உங்களை நான் பார்க்கணும்."

எல்லாரும் தும்பாலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

தும்பாலின் கையில் கூடை. கீழே வைக்கவும் தோன்றவில்லை. முன்வரிசையிலிருந்து ஒரு அம்மாள் மெதுவாக எழுந்தாள். தலைச்சன் பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் தாயைக் கூப்பிடுவார்கள். அவளை ஊரே கூப்பிடுவது லாம்ரியா அம்மா என்று.

"அவ எழுந்திரிக்க மாட்டாம்மா" என்றாள். "அதோ, மேட்டுல படுத்திருக்கா. ரெண்டு வருஷமாச்சு."

மைக் தியோமினாரின் கையிலேயே இருந்தது. அவளுடைய மூச்சு மட்டும் ஒலிபெருக்கியில் கேட்டது.

"எனக்கு... தளத்துல உயிரோடன்னு..."

லாம்ரியா அம்மா திரும்பி, வெள்ளைத் துணியைப் பார்த்தாள். அவளுக்குக் கண்ணாடி வேண்டியிருந்தது. யாரோ படித்துச் சொன்னார்கள். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

நிலைமையைச் சமாளிக்க ஒரு பெரியவர் நல்லெண்ணத்தோடு எழுந்தார். "சரி, சரி... தெரியாமக் கேட்ட பொண்ணு, விடுங்க. ஒண்ணு சொல்றேன். பொண்டாட்டி போனா அவ வீட்லேர்ந்தே இன்னொரு பொண்ணு கொடுத்துப் பாயை மாத்தறது நம்ம வழக்கம்தானே? முறையும் சரியா இருக்கு, ஆளும் எதிர்ல நிக்குது..."

நாலு பேர் சிரித்தார்கள். மூச்சு விடக் கிடைத்த சாக்கு.

தியோமினார் மைக்கை மேஜைமேல் வைத்தாள். "நான் யாருக்கும் மாத்துப் பாய் இல்லைங்க, பெரியப்பா" என்றாள். மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது. லாம்ரியா அம்மாவின் முன்னால் போய்க் குனிந்து, கையைப் பிடித்தாள். "மன்னிச்சுக்கங்க, பெரியம்மா." வெளியே போய்விட்டாள்.

தும்பால் சோறு பரிமாறினான். இலை இலையாக. யார் முகத்தையும் பார்க்கவில்லை.

*

கூடத்துக்குப் பின்னால் அண்டா கழுவிக்கொண்டிருந்தபோது மாமியார் வந்தாள். குப்புறக் கிடந்த வாளிமேல் உட்கார்ந்தாள்.

"என்ன முறை சொன்ன அந்தப் பொண்ணுகிட்ட?"

"அம்மா வழி."

"பொண்டாட்டி வழி?"

"சொல்லல, அத்தை."

"என் பொண்ணு பேரைச் சொல்ல உனக்கு அவ்வளவு வெட்கமா, மாப்ள?"

"அவ பேருக்கு இல்ல." அண்டாவின் அடியைத் தேய்த்தான். ஒரே இடத்தை. "நான் செஞ்சதுக்கு."

"ஊர் முழுக்க என்னை அவ பேரைச் சொல்லித்தான் கூப்பிடுது. மீன்காரி கூப்பிடறா. பாதிரியார் கூப்பிடறார். ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்க்கறேன். நான் தாங்கறேனே? உன்னால ஒரு தேதி போட முடியலையா?"

சாம்பல் கையோடு குந்தியிருந்தான். கண்ணீர் மூக்கோரமாக இறங்கியது. அவளை அடக்கம் செய்த நேரத்தில்கூட வராதது.

அவள் கொஞ்ச நேரம் அழவிட்டாள்.

"கையைக் கழுவு. போனை எடு. நான் சொல்றேன், நீ போடு."

அவள் தேதியைச் சொன்னாள். லாம்ரியாவும் வயிற்றுப் பிள்ளையும் போன அன்று பிரசவ அறையில் கடிகாரம் பார்த்தவள் அவள்தான். அவன் எழுதினான். கட்டம் நிறம் மாறியது. லாம்ரியா மற்ற சினாகாக்களோடு சேர்ந்துகொண்டாள்.

"அவ்வளவுதான்" என்றாள் மாமியார். முழங்காலைப் பிடித்து எழுந்தாள். "அந்தப் பொண்ணுகிட்டச் சொல்ல வேண்டியதை என்கிட்ட எதுக்குச் சொல்லிக்கிட்டிருக்க? கடைசிப் படகு போறதுக்குள்ள போ. அண்டாவை வேற மாப்பிள்ளை கழுவட்டும்."

*

படகுத்துறை காபிக் கடையில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. அவனைப் பார்த்ததும் எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

"நான் செஞ்சது பாவம். ஒரு தாய் முன்னால..."

"நான் செய்ய வெச்சேன்."

"இல்ல, நீங்க பேசாதீங்க, நான் சொல்லிடறேன். ரெண்டு நாளா தூங்கல. ஏமாத்திட்டான்னு கோவம்னு நெனச்சேன். அநியாயத்தைக் கேக்கப் போறேன்னு நெனச்சேன். மைக்கைப் பிடிச்சு அவங்க பேரைச் சொன்னப்பதான் தெரிஞ்சது..." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கோவமில்ல. பொறாமை. செத்துப் போனவங்க மேல பொறாமைப்பட்டிருக்கேன். இப்படி ஒருத்தி இருப்பாளா?"

ஏரியில் வெயில் சாய்ந்திருந்தது. படகுக்காரன் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தான்.

"நானும் சொல்லணும்" என்றான் தும்பால். "அன்னிக்கு அவ பேரைச் சொல்லாதது துக்கத்தாலன்னு எல்லாரும் நெனைப்பாங்க. நீங்களும் நெனைச்சு மன்னிச்சுடுவீங்க. அது பொய்."

அவள் திரும்பினாள்.

"அவ பேரைச் சொன்னா, நீங்க எனக்குக் கொழுந்தியா ஆயிடுவீங்க. பாவம்னு ஒரு பார்வை பார்ப்பீங்க. நான் அதை விரும்பல. நீங்க முறைப்பெண்ணாவே சிரிச்சுக்கிட்டு இருக்கணும்னு ஆசைப்பட்டேன். அந்த ஆசைக்காக என் பொண்டாட்டியை மறைச்சேன். தேதி போடாம அவளை உயிரோட வெச்சிருந்தவனும் நான்தான். படகுல அவ இல்லவே இல்லைன்னு ஆக்கினவனும் நான்தான்." மூச்சு வாங்கியது. இவ்வளவு நீளமாக அவன் பேசி இரண்டு வருடம். "வெட்கமா இருக்கு."

"எனக்கும்தான்" என்றாள் மெல்ல.

கடைக்காரி இரண்டு காபியைக் கேட்காமலே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

"அந்தப் பெரியவர் சொன்னாரே..." அவள் குவளையைச் சுற்றினாள். "அப்படின்னா வேண்டாம். அக்கா இடத்துல உட்கார எனக்குத் தெரியாது. அவங்க உடம்புச் சூடு இருக்கற பாயில படுக்க முடியாது."

"அவ இடம் அவளுக்கு. அதை யாருக்கும் தர மாட்டேன். உங்களுக்கும்." சொல்லிவிட்டு அவனே திடுக்கிட்டான். "அதாவது... நீங்க வேற. அவ இவ்வளவு பேச மாட்டா. கிண்டல் பண்ண மாட்டா. நீங்க பேசினா எனக்கு... காபி ஆறிப்போகுது."

"என்னது?"

"காலையில. வானொலியைக் கேட்டுக்கிட்டு நின்னா... ஆறிப்போகுது."

உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பு கண்ணில் தப்பி வந்துவிட்டது. உடனே அதை அடக்கி, நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எங்க வீட்டுக்குப் பேச வரணும்னா பெரியவங்களோட வரணும். எங்க அண்ணன் லேசான ஆள் இல்ல. யாரைக் கூட்டிட்டு வருவீங்க?"

"லாம்ரியா அம்மாவை."

அவள் கண்கள் விரிந்தன. "அவங்களையா? எப்படிக் கேப்பீங்க?"

"தெரியல. நாக்கு எழாது. ஆனா அவங்க வராம நான் வர மாட்டேன். இன்னொரு தடவை யாரையும் மறைச்சுட்டு உங்க முன்னால நிக்க மாட்டேன்."

படகின் சங்கு ஊதியது. அவள் பையை எடுத்தாள். இரண்டடி போனவள் நின்றாள்.

"எதுக்காக வருவீங்கன்னு இன்னும் சொல்லவே இல்லையே, அத்தான்?"

தொண்டையைக் கனைத்தான். சட்டையில் சாம்பல், சோற்றுப் பருக்கை... எல்லாம் அப்படியே இருந்தது.

"உங்களைப் பிடிச்சிருக்கு" என்றான், காபிக் குவளையிடம்.

"குவளைக்குக் கேட்டிருக்கும். எனக்குக் கேக்கல."

படகுக்காரன் கத்தினான். மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கடைக்காரி கதவருகே வந்து நின்றாள். தும்பாலின் முகம் எரிந்தது.

எழுந்து நின்றான். எல்லாருக்கும் கேட்கும்படி மறுபடி சொன்னான். இந்தத் தடவை தலையைக் குனியவில்லை.